உயிரின் ஏட்டில் போலி எழுத்துகள்

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி படிக்கிறாள். பெயர் வேண்டாம் என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டதால், இக்கட்டுரை முழுவதும் அவளைத் தங்கை என்றே அழைக்கிறோம். இரத்தப் புற்றுநோய்க்காக ஓராண்டுக் காலம் மருத்துவமனையும் வீடுமாக இருந்துவிட்டு, சென்ற ஜூன் மாதம் மீண்டும் சீருடை அணிந்து வந்தாள். விட்டுப்போன பாடங்களை மாலை வேளைகளில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைச் சிஸ்டர் பத்தாம் வகுப்பினராகிய எங்களிடம் ஒப்படைத்தார்கள்.

ஜூலை மாதத்தில் ஒருநாள், காலையில் மருத்துவமனைக்குப் போய்விட்டு நேரே பள்ளிக்கு வந்திருந்தாள். அவள் பையிலிருந்து மாத்திரை அட்டை ஒன்று கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கையில் அதன்மேல் அச்சிட்டிருந்த பெயரைப் படித்தோம்: 6-மெர்காப்டோபியூரின். "ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி போடணும் அக்கா, இன்னும் ஒன்றரை வருஷம்" என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். எங்கள் கண் அந்தப் பெயரின் பின்பாதியிலேயே நின்றுவிட்டது. அந்த வாரம்தான் மரபியல் பாடத்தில் பியூரின் என்ற சொல்லைப் படித்திருந்தோம். டி.என்.ஏ.வில் உள்ள அடினைனும் குவானைனும் பியூரின்கள். அவற்றுக்கு உறவான ஒரு பொருளுக்கு மாத்திரையில் என்ன வேலை? அறிவியல் சிஸ்டரிடம் கேட்டோம். "விடையைத் தேடிக் கண்டுபிடித்து ஆண்டு மலருக்கு எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அப்படித் தேடி அறிந்ததையே இங்கே எழுதுகிறோம்.

பெற்றோர்களில் பலர் படித்த நாளில் இந்தப் பாடம் பத்தாம் வகுப்பில் இல்லையாம். ஆகவே முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். நம் உடலின் செல்கள் ஒவ்வொன்றின் உட்கருவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட நூலிழை உள்ளது. முறுக்கிய நூலேணியைப் போன்ற அதன் அமைப்பை 1953-ஆம் ஆண்டில் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்டனர். ரோசலிண்ட் பிராங்க்ளின் அம்மையார் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படமும், சார்காஃப் என்பவர் செய்த அளவீடுகளும் இல்லாமல் அவர்களால் அதைக் கண்டிருக்க முடியாது. ஏணியின் ஒவ்வொரு படியும் இரண்டு நைட்ரஜன் காரங்கள் கைகோத்து நிற்பதால் உண்டாவது. காரங்கள் நான்கே நான்கு. அடினைனும் குவானைனும் இரட்டை வளையம் கொண்டவை, இவையே பியூரின்கள். தைமினும் சைட்டோசினும் ஒற்றை வளையம் கொண்டவை, இவை பிரிமிடின்கள். அடினைன் தைமினோடு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளாலும், குவானைன் சைட்டோசினோடு மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகளாலும் சேரும். எப்போதும் பெரியது ஒன்றும் சிறியது ஒன்றுமாகச் சேர்வதால் ஏணியின் அகலம் எங்கும் ஒரே அளவாக இருக்கிறது. இந்த அகலத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

காரத்தோடு ஒரு சர்க்கரை சேர்ந்தால் அதற்கு நியூக்ளியோசைடு என்று பெயர். அதோடு பாஸ்பேட்டும் சேர்ந்தால் நியூக்ளியோடைடு. இந்த நியூக்ளியோடைடுகளையே உயிரின் ஏட்டில் உள்ள எழுத்துகள் என்று சொல்லுகிறோம்.

செல் இரண்டாகப் பிரியுமுன் ஏடு முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். மனித செல் ஒன்றில் ஏறத்தாழ 600 கோடிப் படிகள்! நாங்கள் அறிவியல் கண்காட்சிக்காக இதற்கு ஒரு மாதிரி செய்தோம். மடத்தில் சிஸ்டர்கள் செபமாலை கட்டும்போது மிஞ்சிய மணிகளையும் கம்பியையும் கேட்டு வாங்கி, நான்கு நிற மணிகளைக் கோத்தோம். செபமாலை கட்டியவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு மணிக்குள்ளும் சிறு கம்பி ஒன்றைச் செருகி, அதன் இரு முனைகளையும் வளையமாக வளைக்க வேண்டும். ஒரு மணியின் பின் வளையத்தில் அடுத்த மணியின் முன் வளையம் மாட்டும். டி.என்.ஏ.வும் அப்படியே. எழுத்தின் முன் வளையம் பாஸ்பேட். பின் வளையம் சர்க்கரையின் மூன்றாம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி. ஏணி இரண்டாகப் பிரிந்ததும், பாலிமரேஸ் என்னும் நொதி பழைய இழையைப் பார்த்துப் பார்த்து, பொருத்தமான எழுத்தைப் புதிய இழையில் மாட்டிக்கொண்டே போகிறது. இந்நொதியை ஆர்தர் கோர்ன்பெர்க் 1956-இல் கண்டுபிடித்தார். மாட்டப்பட வரும் எழுத்து மூன்று பாஸ்பேட்டுகளோடு வரவேண்டும். மாட்டும்போது அவற்றில் இரண்டு கழன்றுவிடும். அப்போது வெளிப்படும் ஆற்றலே இணைப்பை உண்டாக்குகிறது.

எங்களுக்கு மிகவும் வியப்பளித்த செய்தி இனிமேல்தான் வருகிறது. பாலிமரேஸ் வருகிறவரின் பெயரைக் கேட்பதில்லை. எதிரே நிற்கும் எழுத்தோடு அது ஹைட்ரஜன் பிணைப்பில் சேருகிறதா, சேர்ந்தபின் ஏணியின் அகலம் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. இரண்டும் சரியென்றால் உள்ளே அனுமதி. தவறாக மாட்டியதைத் திரும்பிப் பார்த்துக் கழற்றும் வசதியும் அதற்கு உண்டு. ஆனால் அந்தச் சோதனையும் வடிவத்தைப் பற்றியதுதான். உண்மையான எழுத்தைப் போலவே வடிவமுள்ள ஒரு போலி வந்தால்?

வந்தால் என்னவாகும் என்பதை அறிய 5-புரோமோயுராசில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. தைமினில் ஐந்தாம் இடத்தில் மெத்தில் தொகுதி இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஒரு புரோமின் அணுவை வைத்தால் கிடைப்பது இது. புரோமின் அணுவும் மெத்தில் தொகுதியும் ஏறக்குறைய ஒரே பருமன். ஆகவே செல் அதைத் தைமின் என்றே நம்பி, அடினைனுக்கு எதிரே மாட்டிவிடுகிறது. கதை அத்தோடு முடியவில்லை. புரோமின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் தன்மையுடையது. அதனால் வளையத்தின் ஓர் இடத்தில் இருக்கவேண்டிய ஹைட்ரஜன் அணு, தைமினில் மிக அரிதாகவே நிகழ்வது இதில் சற்று அடிக்கடி நிகழ்ந்து, இடம் மாறிவிடுகிறது அல்லது விலகிவிடுகிறது. அந்த நிலையில் உள்ள புரோமோயுராசில் அடினைனை விட்டுக் குவானைனோடு கைகோத்துக்கொள்ளும். அடுத்த முறை படியெடுக்கையில் அந்தக் குவானைன் தனக்குரிய சைட்டோசினை அழைக்கும். அடினைன்-தைமின் இருந்த படியில் குவானைன்-சைட்டோசின் வந்து நிலைத்துவிட்டது! சடுதி மாற்றம் என்று பாடத்தில் ஒரு வரியில் படித்தோமே, அது உண்டாகும் வழிகளில் ஒன்று இது. 1950-களில் பாக்டீரியாக்களையும் அவற்றைத் தாக்கும் வைரஸ்களையும் கொண்டு இதை ஆராய்ந்தார்கள்.

ஹைட்ரஜன் எங்கே இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். வாட்சனையே அது ஏமாற்றியிருக்கிறது. அக்காலத்துப் பாடநூல்களில் குவானைனுக்கும் தைமினுக்கும் ஹைட்ரஜன் தவறான இடத்தில் வரையப்பட்டிருந்ததால், அட்டையில் அவர் வெட்டி வைத்த வடிவங்கள் சரியாகப் பொருந்தவில்லை. அதே அறையில் வேலை செய்த ஜெரி டோனஹ்யூ என்ற வேதியியலார் பிழையைச் சுட்டிக்காட்டிய பின்பே ஜோடிகள் புலப்பட்டன. வேதியியல் தேர்வில் ஓர் ஹைட்ரஜனை இடம் மாற்றி எழுதி மதிப்பெண் இழந்த எங்களில் சிலருக்கு இது சற்று ஆறுதலாக இருந்தது.

புரோமோயுராசில் கொண்ட நியூக்ளியோசைடுக்கு வேறொரு பயனும் உண்டு. அது நுழைந்த செல்லைப் பின்னர் சாயமிட்டு அடையாளம் காணலாம். எந்த செல் புதிதாகப் பிறந்தது என்று தெரிந்துவிடும். வளர்ந்த மனிதரின் மூளையிலும் புதிய நரம்பு செல்கள் பிறக்கின்றன என்று 1998-இல் காட்டியது இம்முறையால்தான்.

சரி, எழுத்து மாறிப்போவது கேடுதானே. அதை எப்படி மருந்தாக்கினார்கள்? இங்கே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் கெர்ட்ரூட் எலியன். 1918-இல் நியூயார்க்கில் பிறந்தவர். அவருக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, அதாவது எங்கள் வயதில், மிகவும் பிரியமாயிருந்த அவருடைய தாத்தா வயிற்றுப் புற்றுநோயால் துன்புற்று இறந்தார். இந்நோய்க்கு எதிராக வேலை செய்வேன் என்று அப்போதே முடிவு செய்து, கட்டணமில்லாத ஹன்டர் பெண்கள் கல்லூரியில் வேதியியல் படித்தார். 1937-இல் மிகச் சிறப்பாகத் தேறியும் வேலை கிடைக்கவில்லை. ஆய்வகத்தில் ஒரு பெண் இருந்தால் மற்றவர்களின் கவனம் சிதறும் என்று ஓரிடத்தில் காரணம் சொன்னார்களாம்! பின்னர் ஓர் உணவுப்பொருள் நிறுவனத்தில் ஊறுகாயின் புளிப்பையும் முட்டை மஞ்சட்கருவின் நிறத்தையும் சோதிக்கும் வேலை கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குச் சென்றதால் ஆய்வகங்களின் கதவு பெண்களுக்குக் கொஞ்சம் திறந்தது. 1944-இல் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் என்பவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். மாலை நேரத்தில் படித்துவந்த டாக்டர் பட்டப் படிப்பை, முழு நேரமும் வந்தால்தான் ஆயிற்று என்று சொன்னதால் விட்டுவிட்டார். வேலையை விடவில்லை.

அவ்விருவரின் எண்ணம் எளிமையானது. மிக வேகமாகப் பெருகும் செல்களுக்கு எழுத்துகள் மிக அதிகமாக வேண்டும். எழுத்தைப் போலவே தோன்றும் போலியைக் கொடுத்தால், பசியோடு இருப்பவை முந்திக்கொண்டு எடுத்துச் சிக்கிக்கொள்ளும். இவ்வேலை தொடங்கிய காலத்தில் டி.என்.ஏ. ஏணி வடிவானது என்பது எவருக்கும் தெரியாது; பாலிமரேஸ் என்ற பெயரே பிறக்கவில்லை. பால் பொருள்களில் வாழும் ஒரு பாக்டீரியத்தை வளர்த்து, தாம் செய்த பியூரின்களை ஒவ்வொன்றாக அதற்குக் கொடுத்து, வளர்கிறதா நிற்கிறதா என்று பார்த்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட பியூரின்களைச் சோதித்தார் எலியன். அவற்றுள் ஒன்றுதான் தங்கையின் பையிலிருந்து விழுந்த 6-மெர்காப்டோபியூரின். ஏணியின் வடிவம் வெளியான அதே 1953-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசு இம்மருந்துக்கு அனுமதி வழங்கியது.

அதற்குமுன் கடும் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் பாதிப்பேர் மூன்று நான்கு மாதங்களுக்குள் இறந்துபோனார்கள். இம்மருந்து வந்தபின் அது ஏறத்தாழ ஓராண்டாக நீண்டது. ஓராண்டுதான், நோய் திரும்பி வந்தது. குணமாகிவிட்டதாக நம்பிய குழந்தைகளை மீண்டும் இழப்பது எலியனுக்குத் தாங்கமுடியாத வேதனையாக இருந்தது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைப் பிற்காலத்தில் கண்டபிறகு, இன்று செல்வ நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். கூட்டு மருந்துகளில் இந்தப் பழைய மாத்திரைக்கு இன்னும் இடம் இருக்கிறது.

மாத்திரை உடலுக்குள் என்ன செய்கிறது? குவானைனின் ஆறாம் இடத்தில் ஓர் ஆக்சிஜன் அணு இருக்கிறது. மாத்திரையில் உள்ள பியூரினின் ஆறாம் இடத்தில் கந்தகம் இருக்கிறது. தனிம வரிசை அட்டவணையைப் பாருங்கள். ஆக்சிஜனுக்கு நேர் கீழே கந்தகம், ஒரே குடும்பம். ஆனால் மாத்திரை இன்னும் எழுத்தாகவில்லை. அதற்குச் சர்க்கரையும் இல்லை, பாஸ்பேட்டும் இல்லை. அவற்றை மாட்டிக் கொடுப்பது நோயாளியின் செல்லே! பழைய பியூரின்களை வீணாக்காமல் திரும்பப் பயன்படுத்தும் நொதி ஒன்று செல்லில் உண்டு. அது இதையும் பழைய சரக்கு என்று எண்ணிச் சர்க்கரை பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. பிறகு வேறு நொதிகள் சில மாற்றங்களைச் செய்ய, கடைசியில் தயோகுவானைன் என்னும் கந்தகக் குவானைன் மூன்று பாஸ்பேட்டுகளோடு பாலிமரேஸின் முன் வந்து நிற்கிறது. இடையிலே, செல் சொந்தமாகப் பியூரின் தயாரிப்பதையும் இந்த மருந்து தடுத்துவிடுகிறது. சாப்பாட்டையும் குறைத்து, போலிப் பண்டத்தையும் நீட்டுவது போல.

பாலிமரேஸ் அதைச் சைட்டோசினுக்கு எதிரே மாட்டிவிடுகிறது. அகலம் சரி, பிணைப்பும் ஏறக்குறையச் சரி. அப்போது ஒன்றும் நடப்பதில்லை. செல் இரண்டாகப் பிரிந்தும் விடுகிறது. இழைக்குள் இருக்கும் கந்தகங்களில் சிலவற்றின்மேல், செல்லுக்குள் இருக்கும் ஒரு பொருளிலிருந்து மெத்தில் தொகுதி வந்து ஒட்டிக்கொள்கிறது. அடுத்த முறை படியெடுக்கும்போதுதான் தொல்லை. மெத்தில் ஒட்டிய தயோகுவானைன் சைட்டோசினை விட்டுத் தைமினோடு சேர விரும்புகிறது. பொருந்தாத ஜோடியைத் தேடித் திருத்துவதற்கென்றே செல்லில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. அது ஓடி வருகிறது. ஆனால் அதன் விதி, புதிய இழையில்தான் தவறு இருக்கும் என்பது. போலி எழுத்தோ பழைய இழையில் உட்கார்ந்திருக்கிறது! காவல் ஏற்பாடு புதிய இழையை வெட்டித் தைமினை எடுத்துவிட்டு மீண்டும் நிரப்புகிறது, மீண்டும் தைமினே வருகிறது, மீண்டும் வெட்டுகிறது. இப்படி வெட்டி வெட்டியே இழை முறிந்து செல் மடிகிறது. இந்தக் காவல் ஏற்பாடு கெட்டுப்போன செல்கள் மருந்துக்குத் தப்பிப் பிழைத்துக்கொள்கின்றன என்று படித்தபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போலி எழுத்து தானே செல்லைக் கொல்வதில்லை. பிழை பொறுக்காத செல்தான் அதனால் மடிகிறது.

புற்று செல்கள் மட்டுமா பெருகுகின்றன? எலும்பு மஜ்ஜையில் நல்ல இரத்த செல்களும் நாள்தோறும் கோடிக்கணக்கில் பிறக்கின்றனவே. கோதுமைக்கு நடுவே பகைவன் விதைத்த களையைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை எங்களுக்கு நினைவுக்கு வந்தது. களையைப் பிடுங்கினால் கோதுமையும் சேர்ந்து வரும் என்று அந்த வீட்டுத் தலைவர் அறுவடைவரை காத்திருக்கச் சொன்னார். மருத்துவர்களால் காத்திருக்க முடியாது. கோதுமை எவ்வளவு தாங்கும் என்று வாரந்தோறும் எண்ணிப் பார்த்துக்கொண்டே களையைப் பிடுங்குகிறார்கள். தங்கையின் விரலில் ஊசி குத்தி வெள்ளணுக்களை எண்ணுவது அதற்காகத்தான்.

அவளுக்கு மாத்திரை தொடங்கிய முதல் மாதத்திலேயே வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துபோயின. மருந்தின் அளவைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தார்கள். அதற்குக் காரணம் நட்-15 என்னும் ஒரு நொதி என்று மருத்துவர் அவள் அம்மாவுக்கு விளக்கினாராம். மூன்று பாஸ்பேட்டுகளோடு காத்திருக்கும் கந்தக எழுத்திலிருந்து இரண்டு பாஸ்பேட்டுகளைக் கழற்றி, அது இழைக்குள் போகாதபடி செய்வது இந்நொதியின் வேலை. செபமாலைக்கு ஆகாத மணியைத் தட்டிலிருந்து பொறுக்கி எறிவதைப் போல. பிறவியிலேயே இந்நொதி வலுக்குறைந்து இருப்பவர்களுக்கு, வழக்கமான அளவு மாத்திரையே நஞ்சாகிவிடும். இக்குறை ஐரோப்பியரைவிடக் கிழக்கு ஆசியரிடத்திலும் நம் இந்தியரிடத்திலும் அதிகம் காணப்படுகிறது. இது கண்டுபிடிக்கப்பட்டது 2014-இல்தான். மாத்திரை வந்து அறுபது ஆண்டுகள் கழித்து! பழைய மருந்துதானே, எல்லாம் தெரிந்துவிட்டது என்று எவரும் இருந்துவிடவில்லை.

ஆகஸ்டு மாதத்தில் ஆறாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குச் சின்னம்மை கண்டது. நம் ஊரில் அம்மை என்றால் வேப்பிலை. கிறிஸ்தவ வீடுகளிலும் பாட்டிமார் வாசலில் செருகத்தான் செய்கிறார்கள். மற்றப் பிள்ளைகளுக்குப் பத்து நாள் அரிப்போடு போய்விடும் நோய் அது. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடுமாதலால் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வெள்ளணு குறைந்த குழந்தைக்கு அதே நோய் நுரையீரலிலும் கல்லீரலிலும் இறங்கி உயிரையே கேட்கும். இரண்டு வாரம் கழித்துத் தங்கையின் கழுத்தில் இரண்டு கொப்புளங்கள் தெரிந்தன. அன்று இரவே மருத்துவமனையில் சேர்த்தார்கள். 6-மெர்காப்டோபியூரினை நிறுத்திவிட்டு, நரம்பு வழியாக அசைக்ளோவிர் என்னும் மருந்தைச் செலுத்தினார்கள். சிற்றாலயத்தில் எங்கள் வகுப்பு ஒன்பது நாள் செபம் செய்தது.

அசைக்ளோவிரும் ஒரு போலி எழுத்து என்பதைப் பின்னர் படித்து அறிந்தோம். அதுவும் எலியன் அம்மையாரின் குழுவிலிருந்தே வந்தது! ஹோவர்டு ஷேஃபர் முதலியோருடன் சேர்ந்து 1970-களில் உருவாக்கினார்கள். 1982-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதில் கந்தகம் எல்லாம் இல்லை; காரம் அசல் குவானைனேதான். மாறியிருப்பது சர்க்கரை. வளையமாக இருக்கவேண்டிய சர்க்கரைக்குப் பதில், அறுந்த வாலைப்போல ஒரு துண்டு மட்டும் தொங்குகிறது. ஆகவே சைட்டோசினோடு அழகாகச் சேரும். முன் வளையமும் உண்டு. பின் வளையம் கிடையாது! மாட்டிய மறுகணம் மாலை அங்கேயே நின்றுவிடும். அடுத்த மணியைத் தொங்கவிட இடமில்லை. மெத்தில் ஒட்டும்வரை காத்திருக்கும் தயோகுவானைனைப் போல இது பொறுமை காட்டுவதில்லை.

அப்படியானால் தங்கையின் சொந்த செல்களின் மாலையும் நின்றுபோகாதா? இதுதான் இம்மருந்தின் சிறப்பு. பாஸ்பேட் ஒட்டாதவரை அது எழுத்தல்ல. முதல் பாஸ்பேட்டை ஒட்ட மனித செல்லின் நொதிகள் ஏறக்குறைய மறுத்துவிடுகின்றன. சின்னம்மை வைரஸும் அதன் இனமான ஹெர்பிஸ் வைரஸ்களும் தங்களுக்கென்று வைத்திருக்கும் ஒரு நொதியோ ஏமாந்து ஒட்டிவிடுகிறது. அதன்பின் மீதி இரண்டு பாஸ்பேட்டுகளை செல்லின் நொதிகள் ஒட்டுகின்றன. பின்னும் ஒரு பூட்டு: வைரஸின் பாலிமரேஸ்தான் இந்தப் போலியை விரும்பி எடுக்கிறது; எடுத்தபின் தானும் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. இவ்வாறு வைரஸ் புகுந்த செல்லில் மட்டும் மருந்து விழித்தெழுகிறது. முதல் மருந்தில் கோதுமையும் களையும் ஒன்றாக அகப்பட்டன என்றோம். இதில் களை தானே தன் பெயரை எழுதிக் கொடுத்துவிடுகிறது. சின்னம்மை வைரஸ் மற்றதைவிடச் சற்று முரடு. அதனால் அளவு கூடுதலாக வேண்டும். அம்மை இறங்கிய பின்பும் அது உடலைவிட்டு முற்றிலும் போய்விடுவதில்லை; முதுகுத்தண்டின் அருகே நரம்பு முடிச்சுகளில் உறங்கும். உறங்கும் வைரஸ் படியெடுப்பதில்லை. படியெடுக்காததைப் போலி எழுத்து ஒன்றும் செய்யமுடியாது.

பின் வளையம் இல்லாத மணிகள் வேறு பல இடங்களிலும் பயன்பட்டுள்ளன. எய்ட்ஸ் நோய்க்கு முதன்முதல் 1987-இல் அனுமதி பெற்ற ஏ.இசட்.டி. மருந்து ஒரு போலித் தைமின் எழுத்து. பின் வளையம் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று நைட்ரஜன் அணுக்கள். ஜெரோம் ஹார்விட்ஸ் என்பவர் 1964-இல் புற்றுநோய்க்காகச் செய்து, பலிக்காமல் கைவிட்டது அது. டி.என்.ஏ.வின் எழுத்துகளை வரிசையாகப் படிக்க பிரெடெரிக் சாங்கர் 1977-இல் கண்ட முறையும் இதே மணியைக் கொண்டதுதான்: நல்ல மணிகளோடு கொஞ்சம் வளையமற்ற மணியைக் கலந்துவிட்டால் மாலை வெவ்வேறு நீளங்களில் நிற்கும், எங்கெங்கே நின்றது என்று நீளப்படி அடுக்கினால் எழுத்துகளின் வரிசை தெரிந்துவிடும். கரீபியன் கடலின் கடற்பஞ்சு ஒன்றில், சர்க்கரை மாறிய நியூக்ளியோசைடுகளை இயற்கையே செய்து வைத்திருந்ததை 1950-களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மான் கண்டார். அதன் வழியில் வந்த சைட்டரபின் மருந்தும் தங்கைக்கு முதல் ஆண்டில் ஏற்றப்பட்டிருக்கிறது.

எலியனும் ஹிட்சிங்ஸும் 1988-இல், சர் ஜேம்ஸ் பிளாக் என்பவருடன், மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். அம்மையாருக்கு அப்போது வயது எழுபது. படித்துப் பெறாத டாக்டர் பட்டத்தைப் பல பல்கலைக்கழகங்கள் சிறப்புப் பட்டமாக வழங்கின. 1999-இல் காலமானார்.

தங்கை செப்டம்பர் இறுதியில் தழும்புகளோடு பள்ளிக்குத் திரும்பினாள். இக்கட்டுரையை எழுதுமுன் அதை அவளுக்கு வாசித்துக் காட்டினோம், அவளைப் பற்றியதாயிற்றே. மாதிரியிலிருந்த மணிகளை விரலால் உருட்டிக்கொண்டே கேட்டவள் கடைசியில், "அந்தக் கள்ள மணி இப்பவும் என் உடம்பிலே இருக்குதா அக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது என்று சொன்னோம். மாத்திரை சாப்பிடும் குழந்தைகளின் வெள்ளணுக்களில் உள்ள டி.என்.ஏ.வில் எத்தனை கந்தக எழுத்துகள் ஏறியிருக்கின்றன என்று அளக்கவே முடியும். ஐரோப்பாவின் வட நாடுகளில் அப்படி அளந்து பார்த்து, அதிகமாக ஏறியிருந்த குழந்தைகளுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்ததை 2017-இல் வெளியிட்டார்கள். அவ்வெள்ளணுக்களில் பெரும்பாலானவை சில நாட்களே வாழ்பவை. மாத்திரை நின்றபின் மஜ்ஜையில் புதிதாகப் பிறப்பவை அசல் மணிகளாலேயே கோக்கப்படும்.

அவள் விரல்விட்டு எண்ணினாள். "அப்போ இன்னும் பதின்மூணு மாசம்" என்று சொல்லிவிட்டுக் கணக்கு நோட்டை எடுத்தாள்.